வினாவழிக் கல்வியும் கலைத்திட்ட ஒருங்கிணைப்பாளர் பணியும்

தொடக்கப் பள்ளியில் என்ன கற்பிக்க வேண்டும் என்பதோடு, எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்பதையும் நமது நாட்டின் சட்டம் கூறுகிறது. 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வாயிலாகக் குழந்தை கற்க வேண்டும் என விதிக்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இதே கருத்தை வலியுறுத்துகின்றன. ஆயினும் சட்டத்தின் வாசகம் தானாகவே வகுப்பறையை வந்தடைவதில்லை. அதைக் கொண்டு சேர்ப்பதற்குப் பள்ளிக்குள்ளேயே ஒருவர் தேவை. அவரே கலைத்திட்ட ஒருங்கிணைப்பாளர்.

ஜெனிவாவில் 1968இல் நிறுவப்பட்ட சர்வதேச பாக்கலோரியேட் அமைப்பு, 1997இல் தொடங்கிய தனது தொடக்கநிலைத் திட்டத்தில் இத்தகைய ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்று கூறுகிறது. நமது அரசுப் பள்ளி அமைப்பில் இப்பணியின் பெரும்பகுதியை வட்டார வள மையங்களின் ஆசிரியப் பயிற்றுநர்களும், குறுவள மைய ஒருங்கிணைப்பாளர்களும் செய்து வருகின்றனர். பெயர் எதுவாயினும் பணி ஒன்றே. அப்பணியில் புதிதாக அமர்பவர் முதல் ஆண்டில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மும்பையை அடுத்துத் தாணே மாவட்டத்தில் அமைந்துள்ள டோம்பிவிலி நகரை எடுத்துக்காட்டுக்குரிய களமாகக் கொள்வோம்.

பாடத்திட்டமும் கலைத்திட்டமும்

பாடத்திட்டம் என்பது ஓர் ஆண்டில் கற்பிக்க வேண்டிய பொருள்களின் பட்டியல். கலைத்திட்டம் அதனினும் விரிந்தது. பாடப்பொருள், கற்பிக்கும் முறை, கால அட்டவணை, துணைக்கருவிகள், ஆசிரியர் தயாரிப்பு, மதிப்பீடு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றைப் பழைய நிலையிலேயே விட்டுவிட்டால் மாற்றம் நிலைக்காது.

வினாவழிக் கற்றல் என்பது குழந்தைகள் தம் மனம்போன போக்கில் எதையேனும் கேட்டுக் கொண்டிருப்பதன்று. குழந்தையின் ஐயத்தை விடை காணத்தக்க வினாவாக மாற்றுதல், அதற்கு விடைதேடும் வழியை வகுத்தல், உற்றுநோக்கிப் பதிவு செய்தல், கண்டதைக் கொண்டு விளக்கம் கூறுதல், அவ்விளக்கத்தைப் பிறர் முன் வைத்துச் சோதித்தல் ஆகிய படிகளைக் கொண்ட ஒழுங்கான முறை அது. 1896இல் சிகாகோவில் ஜான் டூயி நடத்திய ஆய்வுப் பள்ளியும், 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் வெவ்வேறு நோக்கங்களிலிருந்து புறப்பட்டவை. செய்து கற்பதே கல்வி என்பதில் அவை ஒன்றுபட்டன. ஆகவே இம்முறை நமக்குப் புதியதன்று. அதை நிலைக்கச் செய்வதே கடினமாக இருந்து வந்துள்ளது.

ஹோஷங்காபாத் கற்பிக்கும் பாடம்

இதற்குச் சிறந்த சான்று மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம். இன்று நர்மதாபுரம் எனப் பெயர் பெற்றுள்ள அம்மாவட்டத்தில், 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இத்திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா கிராமத்தின் நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு தொண்டு நிறுவனங்கள் மாநில அரசின் இசைவோடு இதை நடத்தின. பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆராய்ச்சி நிறுவனங்களிலிருந்தும் அறிவியலாளர்கள் துணைநின்றனர். 1978இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் இது விரிவடைந்தது. 1982இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பின்னர் இதன் பொறுப்பை ஏற்றது.

இது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குரிய திட்டமே. எனினும் தொடக்கப் பள்ளி ஒருங்கிணைப்பாளர் இதிலிருந்து அறிய வேண்டியது மிகுதி. 'பால வைக்ஞானிக்' என்னும் பாடநூல் விடைகளைக் கூறாமல் சோதனைகளையும் வினாக்களையும் மட்டுமே முன்வைத்தது. ஆனால் திட்டம் நூலை மட்டும் நம்பியிருக்கவில்லை. மாணவர் குழுக்களாகச் சோதனை செய்யப் பள்ளிதோறும் கருவிப்பெட்டி தரப்பட்டது. ஆசிரியர்கள் விடுமுறையில் பயிற்சி பெற்றதோடு, மாதந்தோறும் 'சங்கம் மையம்' எனப்பட்ட இடங்களில் கூடித் தம் வகுப்பறைச் சிக்கல்களை விவாதித்தனர். தேர்வில் மாணவர் பாடநூலையும் தம் குறிப்பேட்டையும் திறந்து வைத்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. 'சவாலிராம்' என்னும் கற்பனைப் பாத்திரத்துக்குக் குழந்தைகள் தம் ஐயங்களைக் கடிதமாக எழுதி விடை பெற்றனர்.

நூல், கருவி, ஆசிரியர் கூட்டம், தேர்வு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையால் இத்திட்டம் 30 ஆண்டுகள் நீடித்தது. 2002இல் மாநில அரசு இதை நிறுத்தியது. இம்முறையில் பயின்றோர் உயர்நிலை வகுப்புகளில் பின்தங்குகின்றனர் என்ற குற்றச்சாட்டும் அதற்கான மறுப்பும் அந்நாளில் பொது விவாதத்துக்கு உள்ளாயின. வினாவழிக் கல்வி வகுப்பறையில் வெற்றி பெற்றால் மட்டும் போதாது; பெற்றோரும் நிர்வாகமும் அதன் பயனைத் தம் கண்ணால் காண வேண்டும் என்பதே இம்முடிவு உணர்த்தும் பாடம்.

சென்னை காட்டிய வழி

தொடக்க வகுப்புகளில் இதற்கு இணையான பெருமுயற்சி தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான அட்டை முறையைப் பின்பற்றி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இது தொடங்கப்பட்டது. 2007-08ஆம் கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் பரவியது. பாடங்கள் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, கற்றல் ஏணி ஒன்றில் வரிசைப்படுத்தப்பட்டன. குழந்தை தன் வேகத்தில் அட்டைகளை எடுத்து முன்னேறியது. கரும்பலகை குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது; ஆசிரியரும் தரையில் பாயில் அமர்ந்தார்.

அச்சம் நீங்கிய வகுப்பறையை இம்முறை பல இடங்களில் உருவாக்கியது. அதே வேளையில், அட்டையை முடிப்பது ஒன்று, வினாவை எழுப்புவது மற்றொன்று என்ற வேறுபாட்டையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். ஏணியின் படிகளைக் குறியிட்டுக்கொண்டே போவது சடங்காகிவிட்டால், செயல் இருக்கும், சிந்தனை இராது. இவ்வேறுபாட்டைக் கண்டறியும் கண் ஒருங்கிணைப்பாளருக்கு வேண்டும்.

டோம்பிவிலியில் தொடங்குவோம்

மத்திய ரயில்வேயின் புறநகர்ப் பாதையில், சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது டோம்பிவிலி. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை குடியிருப்புகளை ஒட்டியே அமைந்துள்ளது. இந்நகரில் வினாவழித் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒருவர் ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்கிறார் எனக் கொள்வோம்.

அவர் முதலில் செய்ய வேண்டியது மாற்றமன்று, உற்றுநோக்கல். முதல் நான்கு வாரங்கள் ஒவ்வொரு வகுப்பிலும் பின்வரிசையில் அமர்ந்து மூன்றே செய்திகளைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு பாடவேளையில் குழந்தைகள் எத்தனை வினாக்கள் கேட்டனர்? ஆசிரியர் வினாக் கேட்டபின் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தார்? குழந்தை கூறிய விடையை அடுத்து என்ன நிகழ்ந்தது? இக்குறிப்புகள் தலைமையாசிரியருக்கு அனுப்பும் அறிக்கையாகிவிடக் கூடாது. அந்தந்த ஆசிரியரோடு மட்டும் பகிர்ந்துகொள்ளப்பட வேண்டும். ஒருங்கிணைப்பாளரை ஆய்வாளராகக் கருதத் தொடங்கிவிட்டால், ஆசிரியர் அவர் வரும் நாளில் மட்டும் வினாவழி வகுப்பு நடத்துவார்.

அடுத்தது காலக் கணக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணிகள் உண்டு. அதாவது நாளொன்றுக்கு 4 மணி நேரம். இதை 35 நிமிடப் பாடவேளைகளாக நறுக்கிவிட்டால், சோதனையைத் தொடங்கும்போதே மணி அடித்துவிடும். வாரத்தில் இரு நாட்களிலாவது இரண்டு பாடவேளைகளை ஒன்றாக இணைத்தல் முதல் சீர்திருத்தம். மேலும், அதே அட்டவணை ஆசிரியரின் வாரப் பணிநேரத்தைத் தயாரிப்பு நேரம் உட்பட 45 மணி என வரையறுக்கிறது. தயாரிப்பும் பணியே என்பதைச் சட்டமே ஏற்கிறது. ஆகவே வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆசிரியர் கூடித் திட்டமிடுவதற்கு ஒதுக்குமாறு நிர்வாகத்திடம் கேட்க ஒருங்கிணைப்பாளர் தயங்க வேண்டுவதில்லை.

ஒரு வினா பாடமாகும் விதம்

முதல் ஆண்டில் எல்லா வகுப்புகளையும் ஒருசேர மாற்ற முயல்வது பயன் தராது. ஒரு வகுப்பு, ஓர் அலகு, ஆறு வாரம் என்று தொடங்குவதே நன்று. நான்காம் வகுப்பை எடுத்துக்கொள்வோம்.

2014 ஜனவரியில் டோம்பிவிலியில் பச்சை நிற மழை பெய்ததாகச் செய்திகள் வந்தன. 2020 பிப்ரவரியில் தொழிற்பேட்டைச் சாலை ஒன்று இளஞ்சிவப்பாகக் காட்சியளித்தது. அந்நகரில் வளரும் குழந்தை 'மழை எப்படிப் பச்சையாகும்?' என்று கேட்பது இயல்பு. இவ்வினாவைக் கேட்ட ஆசிரியருக்கு மூன்று வழிகள் உண்டு. பாடத்தில் இல்லை என்று ஒதுக்கலாம். மாசுபாடு பற்றி ஒரு பத்தியைச் சொல்லி எழுத வைக்கலாம். அல்லது அவ்வினாவை வகுப்பின் பொதுப் பணியாக்கலாம். மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியருக்குத் துணைநிற்பதே ஒருங்கிணைப்பாளர் பணியின் சாரம்.

முதற்கண் பாதுகாப்பு. தொழிற்சாலைக் கழிவுநீரைக் குழந்தைகள் தொடவோ திரட்டவோ கூடாது. வினாவை வகுப்பறைக்குள் ஆராயத்தக்கதாகச் சுருக்க வேண்டும்: 'தண்ணீருக்கு நிறம் எவ்வாறு வருகிறது?' இதற்கு வேண்டிய பொருள்கள் சமையலறையிலேயே உள்ளன. மையைத் தண்ணீரில் கலந்து துணியில் வடித்தால் நிறம் துணியைக் கடந்து செல்கிறது. சுண்ணக்கட்டித் தூளைக் கலந்து பலமடிப்புத் துணியில் வடித்தால் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. கரைவது வேறு, மிதப்பது வேறு என்பதைக் குழந்தை தானே காண்கிறது.

அடுத்து மஞ்சள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் செந்நிறமாவதை ஆரத்தித் தட்டில் தமிழ்க் குழந்தைகள் கண்டிருப்பர். மஞ்சள் பூசி உலர்த்திய காகிதம் சோப்பு நீரில் சிவக்கிறது. அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகிறது. செம்பருத்திச் சாறு சோப்பு நீரில் பச்சையாகவும், எலுமிச்சைச் சாற்றில் சிவப்பாகவும் மாறுகிறது. ஒரே பொருள் வெவ்வேறு நிறம் கொள்ளக்கூடும்; ஆகவே நிறத்தை மட்டும் கொண்டு நீரில் இருப்பது இன்னதென்று உறுதி கூற இயலாது என்ற முடிவுக்குக் குழந்தைகள் வருவர். பச்சை மழைக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அவ்விடையைக் காண என்னென்ன சோதனைகள் தேவை, யாரைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புலப்பட்டுவிட்டது. தன் ஊரின் காற்றையும் நீரையும் பற்றி ஆதாரத்தோடு வினவும் பழக்கம் ஒன்பது வயதிலேயே தொடங்குவது நாட்டுக்கு நன்மை பயக்கும்.

வகுப்பில் எழும் எல்லா வினாக்களையும் ஒரு பலகையில் எழுதி, அவற்றைச் செய்து பார்க்கக்கூடியவை, கேட்டோ படித்தோ அறியக்கூடியவை, இப்போது இயலாதவை என மூன்றாகப் பிரிக்கும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். மூன்றாம் வகையில் ஆசிரியருக்கும் விடை தெரியாத வினாக்கள் இருக்கும். 'எனக்கும் தெரியாது, தேடுவோம்' என்று கூறுவது ஆசிரியருக்கு இழுக்கன்று என்பதை ஒருங்கிணைப்பாளர் தம் நடத்தையாலேயே காட்ட வேண்டும்.

மொழி என்னும் வாயில்

டோம்பிவிலிக் குழந்தை வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியும் இந்தியும் பேசிப் பள்ளியில் ஆங்கிலம் படிக்கக்கூடும். 2020ஆம் ஆண்டின் சட்டப்படி மகாராஷ்டிரத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். இத்தகைய வகுப்பில் வினா எழாமைக்குக் காரணம் பல வேளைகளில் அறிவுக் குறைவன்று, மொழித் தடையே.

செம்பூரை அடுத்த மான்குர்டில் இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் ஓர் அங்கமாக 1974இல் தோன்றியது. 1980களில் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளின் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவரிடையே இம்மையம் நடத்திய திட்டம், அறிவியல் கற்பதில் மொழி எவ்வளவு பெரிய தடையாக நிற்கிறது என்பதை எடுத்துக்காட்டியது. பின்னர் ஜெயஸ்ரீ ராமதாஸ் தலைமையில் இம்மையம் உருவாக்கிய தொடக்கநிலை அறிவியல் நூல்வரிசையில் பாடநூல், பயிற்சி நூல், ஆசிரியர் நூல் ஆகிய மூன்றும் உண்டு. சுற்றுப்புறத்தை உற்றுநோக்கிப் பேசுவதும், வரைவதும், எழுதுவதும் அதன் அடிப்படை. புதிய ஒருங்கிணைப்பாளர் தம் அலமாரியில் வைத்திருக்கத்தக்க நூல்கள் இவை.

வினாவை எந்த மொழியிலும் கேட்கலாம். முடிவைப் பள்ளி மொழியில் எழுதலாம் என்ற விதியை வகுப்பில் ஏற்கச் செய்தல் நலம். 'கரைதல்' என்பதற்குத் தமிழிலும் மராத்தியிலும் வழங்கும் சொற்களைப் பலகையில் அருகருகே எழுதினால், வீட்டுமொழி வகுப்பில் மதிப்புப் பெறுகிறது, கருத்தும் தெளிவாகிறது.

மதிப்பீடு மாறாவிடில் எதுவும் மாறாது

ஆறு வாரம் சோதனை செய்த குழந்தையிடம் 'மஞ்சள் எதனால் சிவக்கிறது? கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று தேர்வு வைத்தால், அடுத்த அலகில் அது விடையை மட்டுமே மனப்பாடம் செய்யும். மாறாக, பெயர் எழுதப்படாத மூன்று கிண்ணங்களைத் தரலாம்: ஒன்றில் சோப்பு நீர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு கலந்த நீர், ஒன்றில் வெறும் தண்ணீர். மஞ்சள் காகிதத்தைக் கொண்டு எது எதுவெனக் கண்டறிய வேண்டும். சோப்பு நீர் உடனே தெரிந்துவிடும். மற்ற இரண்டிலும் காகிதம் மஞ்சளாகவே இருக்கும். சோப்பு நீரில் சிவந்த காகிதத்தையே அடுத்த சோதனைக்குப் பயன்படுத்தினால், எலுமிச்சை அதை மஞ்சளாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இதைக் கண்டுபிடிக்கும் குழந்தை சிந்தித்துள்ளது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் 5ஆம், 8ஆம் வகுப்புகளில் ஆண்டுத் தேர்வு நடத்தவும், தேவையெனில் மாணவரை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கவும் மாநிலங்களுக்கு வழிவகுத்துள்ளது. ஆகவே தேர்வைப் புறக்கணிக்க எந்தத் தொடக்கப் பள்ளியாலும் இயலாது. எண்ணறிவிலும் எழுத்தறிவிலும் எக்குழந்தையும் பின்தங்கவில்லை என்பதை ஒருங்கிணைப்பாளர் மாதந்தோறும் உறுதி செய்துகொள்ள வேண்டும். வினாவழிக் கல்வியின் பெயரால் அடிப்படைத் திறன்களில் தளர்வு நேர்ந்தால், முதலில் பாதிக்கப்படுவது வீட்டில் படிப்புத்துணை இல்லாத குழந்தையே.

பெற்றோருக்கு அறிக்கை அனுப்புவதினும் அவர்களை வகுப்புக்கு அழைப்பது மேல். அலகின் முடிவில் தம் குழந்தை சோதனையைச் செய்துகாட்டி, தாம் கேட்கும் வினாவுக்குக் காரணத்தோடு விடை கூறுவதைக் காணும் பெற்றோர், 'குறிப்பேட்டில் எழுத்து குறைவாக உள்ளதே' என்று பின்னர் வருந்தமாட்டார்கள். புறநகர் ரயிலில் வேலைக்குச் செல்லும் பெற்றோர் மிகுந்த நகரில் இதனை ஞாயிறன்று நடத்துவதே பொருத்தம்.

நிலைபெறச் செய்தல்

ஓராண்டு முடிவில் ஒருங்கிணைப்பாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: 'நான் நாளை மாறுதலாகிச் சென்றால் இங்கு எது எஞ்சும்?' கோப்புகள் மட்டுமே எஞ்சுமாயின் பணி இன்னும் தொடங்கவில்லை என்றே பொருள். அட்டவணையில் இணைந்த பாடவேளை, அலமாரியில் கருவிப்பெட்டி, வாரந்தோறும் கூடும் ஆசிரியர் குழு, சிந்தனையைச் சோதிக்கும் வினாத்தாள், பள்ளியை நம்பும் பெற்றோர் ஆகியவை எஞ்சினால், அடுத்து வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. மஞ்சளும் செம்பருத்தியும் எல்லாப் பள்ளிகளுக்கும் எட்டக்கூடியவை. டோம்பிவிலியின் தனியார் பள்ளிக்கும் தாராவியின் மாநகராட்சிப் பள்ளிக்கும் இதில் வேறுபாடில்லை. வேண்டுவது நேரமும், ஆசிரியர்பால் நம்பிக்கையும், குழந்தையின் வினாவைச் செவிமடுக்கும் பொறுமையுமே. இவற்றை முறைப்படுத்தித் தருவதே கலைத்திட்ட ஒருங்கிணைப்பாளரின் கடமை. அக்கடமையைச் செவ்வனே ஆற்றுவோர் பெருகினால், சட்டத்தின் 29ஆம் பிரிவு ஏட்டளவில் நில்லாமல் வகுப்பறையில் நடைமுறையாகும்.